சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள்: வளர்பருவப் படம் என்றால் என்ன?

போன கோடை. வேலூர் கத்திரி வெயிலில் மத்தியானம் யாரும் வெளியே தலை காட்ட முடியாது. வீட்டோடு அடைந்து கிடந்தோம். பதினோராம் வகுப்புக்குப் போகப்போகிற அக்கா மகள் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓடிடி பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசைக்கு மேலே ‘கமிங் ஆஃப் ஏஜ்’ என்று போட்டிருந்தது.

“மாமா, கமிங் ஆஃப் ஏஜ்னா இன்னா?”

நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், “வயசுக்கு வர்றது” என்றேன்.

உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு எட்டிப் பார்த்தாள். “யாரு? மூணாவது ஊட்டுப் பொண்ணா? எப்போ?”

சிரித்து முடித்தபிறகு யோசித்தால், அந்தத் தப்பான மொழிபெயர்ப்பிலேயே பாதி விளக்கம் இருந்தது. தமிழில் வயசுக்கு வருவது பெண்ணுக்கு மட்டும். அதற்கு ஒரு நாள் உண்டு, தாய்மாமன் சீர் உண்டு, மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர்கூட உண்டு. பையனுக்கு அப்படி எதுவும் கிடையாது. “மீசை முளைச்சிடுச்சு, இன்னும் பொறுப்பு வரல” என்று ஒரு திட்டு, அவ்வளவுதான். ஆனால் சினிமாவில் இந்தச் சொல் குறிப்பது உடம்பில் வரும் மாற்றத்தை மட்டும் இல்லை. படம் ஆரம்பிக்கும்போது ஒரு பிள்ளைக்கு உலகம் ஒரு மாதிரி தெரிகிறது. படம் முடியும்போது அதற்கு ஏதோ ஒன்று புரிந்துவிட்டது, இனிமேல் அது புரியாத மாதிரி இருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் கதை. அப்படிப்பட்ட படத்தை நான் வளர்பருவப் படம் என்று சொல்லப் போகிறேன்.

பிள்ளைகள் நடிக்கும் படமெல்லாம் இதில் சேராது. பிள்ளைகளுக்காக எடுக்கும் படமும் வேறு சங்கதி. நம் சினிமாவின் ஒரு பழைய வழக்கத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். சின்னப் பையன் கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறான், இல்லை சைக்கிளை மிதிக்கிறான். கேமரா கீழே இறங்கி சக்கரத்தைக் காட்டுகிறது. சக்கரம் சுற்றுகிறது. கேமரா திரும்ப மேலே ஏறும்போது சீட்டில் உட்கார்ந்திருப்பது ஹீரோ. தியேட்டரில் விசில், பேப்பர் மழை. இருபது வருஷம் ஒரு சுற்றில் போயிற்று. வளர்பருவப் படம் அந்த ஒரு சுற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, உள்ளே என்னதான் நடந்தது என்று பார்க்கும் படம்.

இதில் ஒருவர் கடைசி எல்லைக்கே போனார். அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘பாய்ஹுட்’ 2014-ல் வந்தது. 2002-ல் ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்து, வருஷத்துக்குச் சில நாட்கள் என்று 2013 வரை அவனையே வைத்துப் படம் பிடித்தார். ஆறு வயதுப் பையன் திரையிலேயே பதினெட்டு ஆகிறான். மேக்கப் இல்லை, ஆள் மாற்றம் இல்லை, சக்கரமும் இல்லை. எனக்கு அந்தப் படம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பையனின் குரல் உடைந்திருப்பதைத் திடீரென்று கவனிக்கும் இடத்தில், சொந்தக்காரப் பிள்ளையை ரெண்டு வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி ஒரு திடுக்கிடல் வரும்.

இரண்டு கடிகாரம்

இப்போது நகரத்துக்கு வருவோம். பிள்ளை வளர்வது ஒரு கடிகாரம். பிள்ளை வளரும் தெரு மாறுவது இன்னொரு கடிகாரம். நகரத்தில் எடுக்கும் வளர்பருவப் படங்களில் இரண்டும் சேர்ந்து ஓடும். ஒன்றின் ஓட்டத்தை வைத்துத்தான் மற்றதன் ஓட்டம் தெரியும்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1984. பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர் ஆனது, எங்கள் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் ஆனது. அஞ்சாம் வகுப்புச் சான்றிதழில் அந்தப் பெயர். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் வேலூர் மாவட்டம். நகராட்சி 2008-ல் மாநகராட்சி ஆயிற்று. 2019-ல் மாவட்டத்தை மறுபடியும் மூன்றாகப் பிரித்ததில், ராணிப்பேட்டையில் இருக்கிற சித்தி வேறு மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள். இத்தனைக்கும் நாங்கள் ஒருமுறைகூட வீடு மாறவில்லை. ஊர்தான் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

பெரியவர்கள் இந்த மாற்றத்தை ‘முன்னெல்லாம்’ என்ற ஒரு சொல்லால் அளப்பார்கள். வேலூரில் அதற்கென்றே ஒரு சொலவடை உண்டு: கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை, மலை இருக்கு மரம் இல்லை. தாத்தா இதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். எனக்குப் புரியாது. ஏனென்றால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள். நான் பிறந்ததே அதற்குப் பிறகு. அந்தக் கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் அதே தாத்தாதான்.

“சாமி கீதே தாத்தா?”

“இப்ப கீதுடா. முன்னெல்லாம் இல்ல.”

அந்த ‘முன்னெல்லாம்’ எனக்குக் கிடையாது. அக்கா மகளுக்கு இன்னும் குறைவு. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டுப் போனபோது அவளும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்து, போனில் படம் பிடித்துவிட்டு வந்தவள். தாத்தாவின் சொலவடையில் இரண்டாவது வரி நான் பிறப்பதற்கு முன்பே போயிற்று, மூன்றாவது வரி அவள் காலத்தில் ஆட்டம் கண்டது.

வளர்பருவப் படத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு முன்னெல்லாம் கிடையாது. பிறந்தபோது இருந்த ஊர்தான் அதற்கு ஊர். மாறினால், மாறிய ஊரும் ஊர்தான். ஏக்கம் பெரியவர்களின் வியாதி. ஏக்கத்தைப் பிள்ளையின் தலையில் கட்டும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பொய்யாகத்தான் படுகிறது. பத்து வயதுப் பையன் வெட்டிய மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயலின் இசையில் அழுதால், அங்கே அழுவது இயக்குநர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்

மணிகண்டன் இயக்கி, 2015-ல் தியேட்டருக்கு வந்த ‘காக்கா முட்டை’யைப் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். சென்னைக் குடிசைப் பகுதியில் அண்ணன் தம்பி இருவர். கோழி முட்டை வாங்க முடியாத வீடு. மரத்தில் ஏறிக் காக்கா முட்டை எடுத்துக் குடிக்கிறார்கள். அதனால் பெயரே பெரிய காக்கா முட்டை, சின்னக் காக்கா முட்டை. தண்டவாள ஓரம் சிந்தும் கரியைப் பொறுக்கி விற்றுக் கொஞ்சம் காசு சேர்க்கிறார்கள். அவர்கள் விளையாடும் காலி இடம் விலை போகிறது. மரத்தை வெட்டுகிறார்கள். அதே இடத்தில் பீட்சா கடை வருகிறது. ஒரு பீட்சா 299 ரூபாய்.

இதே கதையை வேறு ஒருவர் எடுத்திருந்தால், பையன்கள் மைதானத்தை மீட்கப் போராடியிருப்பார்கள். இந்தப் பையன்களுக்கு அது தோன்றவே இல்லை. அவர்களுக்கு அந்தப் பீட்சா வேண்டும். தங்களிடம் இருந்து மரத்தையும் முட்டையையும் பறித்துக்கொண்ட அந்தக் கடைக்குள்ளேயே போக வேண்டும் என்று தவிக்கிறார்கள். ஊர் மாறுவது ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படம் தமிழில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இழந்தது அதற்கு இழப்பாகத் தெரிவதில்லை. எதிரே புதிதாக வந்து நிற்பதுதான் கண்ணை நிறைக்கிறது.

அடுத்து அந்த விலை. 299 என்பது பெரியவர்களுக்கு ஒரு எண். கரி பொறுக்குகிற பையனுக்கு அது நாள் கணக்கு: இத்தனை நாள் பொறுக்கினால் இத்தனை ரூபாய். காசு சேர்ந்த பிறகு வாசலில் நிற்பவன் உள்ளே விடமாட்டான் என்று தெரிகிறது. சரி, துணிதான் பிரச்சினை என்று நல்ல துணிக்கு அலைகிறார்கள். நல்ல துணியோடு போனால் கன்னத்தில் அறை விழுகிறது. காசு பற்றாக்குறை இல்லை, துணி பற்றாக்குறை இல்லை, அப்படியென்றால் வேறு என்ன? அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியவனின் முகத்தில் அது ஏறி உட்காருவது நமக்குத் தெரிகிறது. நான் முதலில் சொன்னேனே, புரிந்தபிறகு புரியாத மாதிரி இருக்க முடியாத ஒன்று, அது இந்த அறைதான்.

முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும். கடைசியில் ராஜ மரியாதையோடு உட்கார வைத்துப் பீட்சா பரிமாறுகிறார்கள். ஒரு வாய் கடித்துவிட்டு, ஆயா சுட்டுக் கொடுத்த தோசை இதைவிட நன்றாக இருந்தது என்று ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஆயா அப்போது உயிரோடு இல்லை.

லிஃப்ட்

என் மைதானக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது தோட்டப்பாளையம் பக்கம். சிஎம்சி ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது, பிறகு ஊரின் பாதிப் பிழைப்பே அதை நம்பித்தான் என்று ஆயிற்று. வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். காட்பாடியில் ரயில் இறங்கி, லாட்ஜில் அறை எடுத்து, ஸ்டவ் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, மாதக் கணக்கில் இருப்பார்கள். அதனால் எங்கள் பக்கத்துக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். ‘கொத்தோ’ என்றால் ‘எவ்வளவு’ என்று தக்காளி விற்கிற அக்காவுக்கும் தெரியும்.

சந்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கேதான் எங்கள் கிரிக்கெட். ஒரு லீவில், அப்பாவின் வைத்தியத்துக்காக வந்த ஒரு வங்காளப் பையன் எங்களோடு சேர்ந்தான். எங்களுக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை, ‘கல்கத்தா’ என்றே கூப்பிட்டோம். அவன் எங்கிருந்து வந்தான் என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. இடது கையில் பந்து வீசுவான். மூன்று வாரம் எங்கள் டீமின் முதல் பௌலர் அவன்தான். ஒருநாள் சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் இல்லை. அவன் அப்பா குணமாகி ஊருக்குப் போனாரா, இல்லை வேறு மாதிரியா என்று யாருக்கும் தெரியாது. “வேற பௌலர் பாக்கணும்டா” என்று ஒருவன் சொன்னான், ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டு வருஷத்தில் அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். லாட்ஜ் வந்தது. எங்களுக்கு வருத்தமா? சத்தியமாக இல்லை. அதில் லிஃப்ட் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் முதல் லிஃப்ட். வாட்ச்மேன் டீக்குப் போகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, நான்காம் மாடி வரை போய், வயிற்றுக்குள் அந்தக் கூச்சம் வருகிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, திரும்ப இறங்குவோம். ஒருமுறை உள்ளே ஒரு வங்காள அம்மா இருந்தார். கையில் பெரிய எக்ஸ்ரே கவர். அது சரியாக என் முகத்துக்கு நேரே இருந்தது. மேலே அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவர் ஆடிக்கொண்டே இருந்தது, லிஃப்ட் நின்ற பிறகும்.

அவர் அழுதுகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்துத்தான்.

இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கேமராவின் உயரம் என்று சினிமாக்காரர்கள் பேசுவது இதைத்தான். பெரியவர் கண் மட்டத்தில் கேமரா இருந்தால் அந்த லிஃப்டில் ஓர் அழுகிற முகம் தெரியும், கதை அவருடையது ஆகிவிடும். மூன்றரை அடியில் வைத்தால் ஆடுகிற கவர் மட்டும் தெரியும், கதை பையனுடையது. வளர்பருவப் படத்தில் பெரியவர்களின் துக்கங்கள் இப்படித்தான் சட்டகத்துக்கு வெளியே, இல்லை ஓரத்தில் நடக்கும். கடன், பிரிவு, சாவு எல்லாம் கதவிடுக்கில், பக்கத்து அறைக் குரலில் வரும். பார்க்கிற நமக்குப் புரியும், பிள்ளைக்கு அப்போது புரியாது. அந்த இடைவெளியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வை (1956) பிறகு பார்த்தபோது அந்தக் ‘கல்கத்தா’ப் பையன் ஞாபகம் வந்தான். கிராமத்துப் பையன் அப்பு உதவித்தொகை கிடைத்துக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். தலைமை ஆசிரியர் கொடுத்த சின்ன பூகோள உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். ராத்திரி அச்சகத்தில் வேலை, பகலில் கல்லூரி. நகரம் அவனை இழுத்துக்கொள்கிறது. ஊரில் அம்மா மரத்தடியில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புவின் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை, அதுதான் ரேயின் கெட்டிக்காரத்தனம். பதினேழு வயதில் நாமும் அம்மாவின் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தவர்கள்தானே.

தெரு சுருங்கும் பெண்

இதுவரை சொன்னதெல்லாம் பையன்கள். “எல்லாத்துலயும் பசங்களாவே கீறாங்க மாமா” என்றாள் அக்கா மகள். நியாயமான கேள்வி. வளர வளரப் பையனுக்கு ஊர் விரிகிறது: முதலில் தெரு, பிறகு கோட்டை மைதானம், பிறகு கிரீன் சர்க்கிளில் நின்று பெங்களூர் பஸ். பெண்ணுக்குப் பல வீடுகளில் நேர்எதிர். எங்களோடு மரக்கட்டை பேட் பிடித்து ஆடிய ஒருத்திக்கு, மஞ்சள் நீராட்டு முடிந்த மறுவாரத்தில் இருந்து அந்தக் காலி மனை கிடையாது. லாட்ஜ் வந்து எங்களுக்கு மனை போனது அப்புறம்தான். அவளுக்கு அது முன்பே கைவிட்டுப் போயிருந்தது. நான் அன்றைக்கு இதைக் கவனிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக நான் அக்கா மகளுக்குப் போட்டுக் காட்டியது ‘வஜ்தா’ (2012). முழுக்க சவூதி அரேபியாவிலேயே எடுத்த முதல் முழுநீளப் படம். இயக்குநர் ஹைஃபா அல்-மன்சூர் ஒரு பெண். ரியாத் தெருக்களில் ஆண்களோடு வெளிப்படையாக நின்று வேலை வாங்க முடியாததால், சில இடங்களில் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் இயக்கினார். கதை சின்னது. ஒரு சிறுமிக்குப் பச்சை சைக்கிள் மேல் ஆசை. பெண் சைக்கிள் ஓட்டக் கூடாது என்கிற ஊர். காசுக்காகப் பள்ளியில் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். காக்கா முட்டைப் பையன்களின் பீட்சா மாதிரிதான், ஒரே ஒரு பொருள். ஆசை ஒரு பொருளின் மேல் நின்றால், அதற்குக் குறுக்கே என்னென்ன வருகிறதோ அதை வைத்தே ஊரை முழுசாகக் காட்டிவிடலாம். இந்தத் தந்திரத்தைப் பல படங்களில் நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படங்கள் பாதியில் நின்ற மாதிரி முடியும், டிவி ரிமோட்டைத் தட்டிப் பார்க்க வேண்டாம். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘நானூறு அடிகள்’ (1959) படத்தில், சீர்திருத்தப் பள்ளியில் இருந்து தப்பிய பையன் ஓடி ஓடிக் கடலுக்கு வருகிறான். தண்ணீரில் கால் வைத்துவிட்டுத் திரும்புகிறான். முகம் அப்படியே உறைந்து நிற்கிறது, படம் முடிந்தது. பதின்மூன்று வயதுக்காரனுக்கு அடுத்து என்ன என்பது அவனுக்கே தெரியாதபோது, இயக்குநர் எப்படிச் சொல்வார்? தலைப்பைப் பார்த்து அடிதடிப் படம் என்று நினைக்க வேண்டாம், பிரெஞ்சில் அது அடங்காமல் ஆட்டம் போடுவதைச் சொல்லும் மரபுத்தொடர்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் ‘காக்கா முட்டை’யைத் திரும்பப் பாருங்கள், இந்த முறை பையன்களின் கண் எங்கே போகிறது என்று மட்டும். அடுத்தது ‘வஜ்தா’.

‘வஜ்தா’ ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். சப்டைட்டில் படிக்கத் தெரியாது, பாஷையும் தெரியாது. முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து நானும் அக்கா மகளும் அந்தச் சைக்கிளைப் பற்றி, அதன் பச்சை நிறத்தைப் பற்றி, அது முதன்முதலில் திரையில் வரும் விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“அந்தப் பொண்ணோட அம்மாவ வுட்டுட்டு அவ புருசன் இன்னொருத்திய கட்டிக்கினான். ராத்திரி மாடியில நின்னு அந்தக் கல்யாண வெளிச்சத்தப் பாக்கறா. அத்த வுட்டுட்டு சைக்கிள் சைக்கிள்னு கீறீங்களே, ரெண்டு பேரும்.”